டிரெய்லர் படியின் கால் தரையில் இருந்தால் வாசல் நிலைக்குப் பாரமே இல்லையா?

வெல்டிங்காரன் (மிச்சிகன்)

டல்லாஸ் தம்பி போட்ட "அரை மணி நேரத்தில் டிரெய்லர் படி மாற்றலாம்" பதிவைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற வீட்டு டிரெய்லரின் வாசலுக்குக் கீழே தொங்கிய பழைய இரும்பு மடிப்புப் படியைக் கழற்றிவிட்டு, தரையில் கால் ஊன்றும் அலுமினியப் படியை மாட்டியிருக்கிறார். அது அவர் இஷ்டம். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "கால் தரையில் இருப்பதால் வாசல் நிலைக்கு எந்தப் பாரமும் வராது. எந்த ஸ்க்ரூ போட்டாலும் போதும்." இதற்கு நிறையப் பேர் நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் படிக்குக் கால் எங்கே இருக்கிறது? கடைசிப் படிக்குக் கீழே. மேல் முனை எதில் தொங்குகிறது? நிலைக்காலில் முடுக்கிய கீலில். கீலிலிருந்து கால் வரை கிடைமட்டமாக 32 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 பவுண்டு ஆள் மேல் படியில், கீலிலிருந்து 8 அங்குலத்தில் நிற்கிறார். 150 பவுண்டு கீலுக்கு, 50 பவுண்டுதான் காலுக்கு. கதவைத் திறக்க எல்லோரும் நிற்கிற இடமும் அந்த மேல் படிதான்.

டல்லாஸ் தம்பி

அண்ணா, பதிவை முழுசாகப் படித்தீர்களா, அந்த ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்களா? பழைய படியில் கால் வைத்தாலே வண்டி ஆடும். ராத்திரி ஒருத்தர் இறங்கினால் மற்ற எல்லோரும் முழித்துக்கொள்வோம். இப்போது ஆட்டமே இல்லை. ஏன்? கால் தரையில் இருக்கிறது. பாரம் தரைக்குப் போகிறது. பிக் பெண்ட் பூங்கா வரைக்கும் போய் வந்தாயிற்று, ஒரு ஸ்க்ரூ கூட அசையவில்லை. வேலை செய்கிற பொருளை வேலை செய்யாது என்று பேப்பரில் நிரூபிக்க வேண்டாம்.

வெல்டிங்காரன்

வேலை செய்யாது என்று நான் எங்கே எழுதினேன்? நிலைக்குப் பாரம் வருகிறது என்றேன். "எந்தப் பாரமும் வராது" என்பது உங்கள் சொல். அதற்குப் பதில் சொல்லுங்கள். கீல் எங்கே இருக்கிறது?

பழைய வண்டி

இரண்டு பேருக்கும் ஒன்று கேட்கிறேன். மடிப்புப் படியை எதற்குக் கழற்ற வேண்டும்? என் வண்டி தொண்ணூறுகளில் வந்தது. படியின் ரிவெட் தேய்ந்து முன்பக்கம் சாய்ந்தபோது, அதே அகலத்தில் புது மடிப்புப் படி வாங்கி, பிரேமில் இருந்த பழைய ஓட்டைகளிலேயே மாட்டினேன். விலையும் பல மடங்கு குறைவு. ஓட்டைக்கு ஓட்டை இடைவெளியும் படிப்பெட்டியின் அகலமும் அளந்துகொண்டு போனால் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். இந்த அலுமினியப் படி எல்லாம் காசு இருக்கிறவர்கள் காட்டிக்கொள்ள.

ஸ்காபரோ அக்கா

தம்பி, காட்டிக்கொள்ள இல்லை. எங்கட அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. மடிப்புப் படி ஒவ்வொன்றும் எட்டு அங்குலத்துக்கு மேலே. அமெரிக்க வீட்டு விதியில்கூட ஒரு படியின் உயரம் 7¾ அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தரையில் இருந்து முதல் படிக்கே பன்னிரண்டு, பதின்மூன்று அங்குலம் ஏற வேண்டி வந்தால் வயதானவர்கள் என்ன செய்வினம்? காலை நீட்டிக் குறுக்கலாம் என்பதால்தான் நாங்கள் அந்தப் படியை வாங்கினோம். அல்கோன்குவின் பூங்காவில் மேடு பள்ளமான இடம் கிடைத்தபோது இரண்டு காலையும் தனித்தனியே நீட்டி வைத்தோம். கைப்பிடியும் சேர்த்து வாங்கினோம். அம்மா தானாகவே ஏறி இறங்கினா.

ஆனால் ஒரு குறை. பயணத்தில் படி மடிந்து வீட்டுக்குள்ளே, வாசலிலேயே நிற்கும். வழியில் நிறுத்தி கழிவறைக்குப் போக வேண்டும் என்றால் முழுப் படியையும் வெளியே இறக்க வேண்டும். பக்கத்தில் லாரி நின்றால் இறக்கவும் இடமில்லை. கீழே சேறு என்றால் அந்தச் சேறு முழுக்கப் படியோடு உள்ளே வரும்.

டல்லாஸ் தம்பி

அக்கா, அதற்குத்தான் சின்னத் துடைப்பம் வாசலிலேயே தொங்குகிறது. இறக்க இரண்டு விநாடி. கேஸ் ஸ்ட்ரட் உள்ள மாடல் என்றால் குழந்தைகூட இறக்கும். வெல்டிங் அண்ணா, உங்கள் கணக்குப்படியே 150 பவுண்டு என்று வையுங்கள். இரண்டு நிலைக்கால், ஒன்றுக்கு 75. ஒவ்வொரு பக்கமும் நான்கு ஸ்க்ரூ. ஒரு ஸ்க்ரூவுக்கு 19 பவுண்டு கூட இல்லை. இதற்கா இவ்வளவு நீளமான பதிவு? அதுவும் கால் தரையில் இருக்கும்போது.

வெல்டிங்காரன்

ஆக, பாரம் வருகிறது. பூஜ்யம் 75 ஆகிவிட்டது.

இனி அந்த 75 எதில் உட்காருகிறது என்று பார்ப்போம். ஸ்க்ரூ தாங்கும் தம்பி, ஸ்க்ரூவைப் பற்றி யார் பேசினார்கள்? மரம் தாங்குமா? போன வசந்தத்தில் பட்டறைக்கு ஒரு டிரெய்லர் வந்தது. "படி கொஞ்சம் ஆடுகிறது" என்றார் உரிமையாளர். இடது பக்க பிராக்கெட்டின் கீழ் ஸ்க்ரூவை விரலால் பிடித்து இழுத்தேன். டிரைவரே தேவைப்படவில்லை, கையோடு வந்துவிட்டது. மரையில் கறுப்பாக, ஈரமாக, காபித்தூள் மாதிரி மரப்பொடி ஒட்டியிருந்தது. வாசல் விளிம்பில் அலுமினியப் பட்டையைத் தூக்கினால் அடியில் பிளைவுட் அடை அடையாகப் பிரிந்து கிடந்தது. கதவுக்கு அடியில் அடைத்த சிலிக்கான் விட்டுப்போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

படி மாட்டுவதற்கு முன்னால் அந்தப் பட்டையைத் தூக்கி ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும். ஊசி சுலபமாக உள்ளே போனால் மரத்தை மாற்ற வேண்டும். நிலைக்காலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தட்டிப் பார்க்க வேண்டும். சில வண்டியில் மெல்லிய அலுமினியக் குழாய், சிலதில் ஒன்றரை அங்குல மரம், சிலதில் வெறும் நுரை. நுரை என்றால் உள்ளே மரக்கட்டையோ இரும்புத் தகடோ வைத்து, போல்ட் ஊடுருவி, பின்னால் அகல வாஷர் போட்டு முடுக்க வேண்டும். அரை மணி நேரத்தில் இது ஆகுமா?

பழைய வண்டி

அதனால்தான் சொல்கிறேன், பாரம் பிரேமுக்குப் போகட்டும். மடிப்புப் படி இரும்பில் தொங்குகிறது. இரும்பு உளுத்துப்போவதில்லை.

டல்லாஸ் தம்பி

பழைய வண்டி சார், இரும்பு துருப்பிடிக்கும் என்று கேள்விப்பட்டதில்லையா? உங்கள் படியின் கடைசித் தட்டு பிரேமிலிருந்து 20 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 200 பவுண்டு ஆள் அதில் நின்றால் 4000 அங்குல-பவுண்டு முறுக்கு, முழுக்க அந்த பிராக்கெட்டில். ஒவ்வொரு தடவை ஏறும்போதும். டிரெய்லர் பிரேம் தகடு எவ்வளவு மெல்லிசு என்று அடியில் படுத்துப் பார்த்திருக்கிறீர்களா? வெல்டு ஓரத்தில் விரிசல் விடுவது அங்கேதான். அந்தக் கணக்கை மட்டும் வெல்டிங் அண்ணா போடவே மாட்டார். ஏனென்றால் விரிசல் விட்டால் அவர் பட்டறைக்குத்தானே வர வேண்டும்.

வெல்டிங்காரன்

என் தொழிலை இழுக்காதே தம்பி. ஆட்களைப் பயமுறுத்திக் காசு பார்க்கிறவன் நானில்லை. விரிசல் விட்டதை ஒட்டுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றி, கேஸ் குழாய் எங்கே ஓடுகிறது என்று அடியில் உள்ள பிளாஸ்டிக் தகட்டைப் பிரித்துப் பார்த்து, அப்புறம்தான் தீயைப் பற்ற வைப்பேன். உன்னை மாதிரி எந்த ஸ்க்ரூவும் போதும் என்று ஒருநாளும் யாருக்கும் சொன்னதில்லை.

முறுக்குக் கணக்கு சரி. மடிப்புப் படிக்கு அடியில் ஒரு சின்ன ஜாக் முட்டுக் கொடுத்தால் அந்த முறுக்கும் போகும், ஆட்டமும் குறையும். இதையும் பல தடவை எழுதியிருக்கிறேன். ஆனால் கேள்வி அது இல்லை. உன் படியின் கீல் எங்கே இருக்கிறது?

புது டிரெய்லர்

வணக்கம். நான் இப்போதுதான் டிரெய்லர் வாங்கினேன். தரையில் கால் ஊன்றும் படியில் லிப்பர்ட் கம்பெனியின் சாலிட்ஸ்டெப்பா, மோர்ரைட் கம்பெனியின் ஸ்டெப்அபவ்வா என்று குழப்பம். வாசல் 26 அங்குலம் என்று புத்தகத்தில் இருக்கிறது. அதே அளவுப் படி வாங்கலாமா?

ஸ்காபரோ அக்கா

தம்பி, புத்தகத்தில் இருக்கிறது கதவின் பெயரளவு. நிலைக்கால் இரண்டுக்கும் நடுவில் உள்ள வெறும் இடைவெளியை மேலே, நடுவிலே, கீழே மூன்று இடத்தில் அளவுங்கோ. குறைந்ததை எடுங்கோ. கதவின் தாழ்ப்பாள் நாக்கு விழுகிற இடம், வலைக்கதவின் கீல் இரண்டும் படியில் இடிக்காமல் இருக்க வேண்டும். வண்டியை மட்டமாக நிறுத்தி, வாசல் விளிம்பில் இருந்து தரை வரைக்கும் உயரம் எடுங்கோ. அதை வைத்துத்தான் இரண்டு படியா, மூன்றா, நான்கா என்று முடிவு.

வெல்டிங்காரன்

அக்கா சொன்னது அளவு. அளவுக்கு முன்னால் நிலையைப் பாருங்கள். பிராண்டு எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு கம்பெனியும் இந்தியானா மாநிலத்து எல்கார்ட்டில்தான் இருக்கிறது. மேல் முனை எதில் மாட்டுகிறது என்று மட்டும் கேளுங்கள். டார்க்லிஃப்ட் கம்பெனியின் குளோஸ்டெப் படி வகையில் பழைய படி இருந்த இடத்திலேயே, பிரேமில் மாட்டுகிற மாதிரியும் உண்டு. வாசல் நிலை மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகலாம்.

டல்லாஸ் தம்பி

பாருங்கள், புதுசாக வந்தவரையும் பயமுறுத்தியாயிற்று. போன வருஷம் டயர் காற்று விஷயத்திலும் இதேதான். பக்கவாட்டில் எழுதியிருக்கிற அளவுக்குக் காற்று அடிக்கலாம் என்று நான் சொன்னதற்கு ஒரு வாரம் கத்தினீர்கள். கடைசியில் தயாரிப்பாளர் புத்தகத்தில் அதேதான் இருந்தது. அன்றைக்கும் ஏற்றுக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஏற்றுக்கொள்ள மாட்டீர்கள்.

வெல்டிங்காரன்

டயரில் நான் சொன்னது காற்று அளவைப் பற்றி இல்லை, வெயிலில் ஓடிச் சூடான டயரில் அளந்து காற்றை இறக்காதே என்றேன். குளிர்ந்த டயரில்தான் அளக்க வேண்டும். அதை நீ வேண்டுமென்றே மாற்றிச் சொன்னாய், இப்போதும் சொல்கிறாய்.

பழைய வண்டி

டயர் பற்றிய பதிவுக்குப் போய்ச் சண்டை போடுங்கள். இங்கே படி. என் மடிப்புப் படிக்கு கிரேடு 5 போல்ட் போட்டிருக்கிறேன், தலையில் மூன்று கோடு இருக்கும். நைலான் நட்டு. அசையவில்லை. மூடினால் வண்டிக்கு அடியில் போய்விடும், வீட்டுக்குள் சேறு வராது, நிறுத்தத்தில் உடனே ஏறலாம். இதற்கு மேல் ஒரு படி என்ன செய்ய வேண்டும்?

டல்லாஸ் தம்பி

ஆடாமல் இருக்க வேண்டும்.

ஸ்காபரோ அக்கா

இன்னொரு விஷயம் இரண்டு பேரும் சொல்லவில்லை. முதலில் வண்டியை மட்டம் செய்து, மூலை ஜாக் எல்லாம் இறக்கி, கடைசியில்தான் படியின் காலை நீட்ட வேண்டும். நாங்கள் போன முகாமில் பக்கத்து இடத்துக்காரர் படியைப் போட்ட பிறகு தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார். 40 கேலன் என்றால் 330 பவுண்டுக்கு மேலே. வண்டி இறங்கி, படியின் காலில் உட்கார்ந்துவிட்டது. காலின் நீளத்தைப் பூட்டுகிற பின்னை இழுக்கவே முடியவில்லை. பிறகு ஜாக் வைத்து வண்டியைத் தூக்கித்தான் எடுத்தார்கள்.

வெல்டிங்காரன்

அக்கா, நன்றி. இதைத்தான் தம்பிக்குச் சொல்ல வேண்டும். கால் தரையில் இருப்பதாலேயே நிலைக்கு வருகிற பாரம் இது! வண்டி இறங்குகிறது, கால் இறங்காது. அப்போது படி கீலை மேலே தள்ளும். ஆள் நின்றால் கீழே இழுக்கும், வண்டி அமர்ந்தால் மேலே தள்ளும். இரண்டும் அதே ஸ்க்ரூவில். வேண்டுமானால் தம்பி தன் வாசல் பட்டையைத் தூக்கி, உள்ளே மரம் எப்படி இருக்கிறது என்று ஒரு படம் போடட்டும். அதுவரை அந்த வரியைப் பதிவிலிருந்து எடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

டல்லாஸ் தம்பி

நன்றாக இருக்கிற சிலிக்கான் அடைப்பை உங்களுக்காகப் பிரித்துப் படம் போட நான் முட்டாள் இல்லை. பிரித்தால்தான் தண்ணீர் இறங்கும். வரியும் அப்படியே இருக்கும். கால் தரையில் இருக்கிறது.

புது டிரெய்லர்

அளந்து பார்த்தேன். மேலே 25½, கீழே 25¼. உயரம் 29 அங்குலம். இதற்கு மூன்று படியா, நான்கா?

பழைய வண்டி

மடிப்புப் படி வாங்குங்கள் தம்பி.

வெல்டிங்காரன்

அளவு அப்புறம். பட்டையைத் தூக்கிப் பார்த்தீர்களா?