ஓடுற கருந்துளை கதிர்வீச்சு விடுமா? பாலக்கோடு டியூஷன்ல நான் மாட்டின கதை, உங்க கதையும் சொல்லுங்க

பாலக்கோடு டியூஷன் வாத்தியார்:
போன வாரம் பிளஸ் டூ பசங்களுக்கு மின்காந்த அலைகள் நடத்திட்டிருந்தேன். "முடுக்கப்படும் மின்துகள் கதிர்வீச்சை வெளியிடும்"னு போர்டுல எழுதி முடிக்கல, கடைசி பெஞ்சுல இருந்து ஒரு பொண்ணு கேட்டுச்சு: "சார், அப்ப ஓடிட்டே இருக்கிற கருந்துளையும் கதிர்வீச்சு விடுமா?"

"விடும்மா, அதான் ஹாக்கிங் கதிர்வீச்சு"ன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். ராத்திரி களி உருண்டையைத் தட்டுல போட்டதும்தான் உறைச்சது, சொன்னது தப்புன்னு. ஒளியைக்கூட வெளிய விடாத கருந்துளைக்கும் கொஞ்சம் வெப்பநிலை உண்டு, அதனால அதுல இருந்து கதிர்வீச்சு கசியும்னு ஹாக்கிங் 1974ல சொன்னதுக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமே இல்ல. கருந்துளை சும்மா கிடந்தாலும் அது உண்டு. சூரியன் எடைக்கு ஒரு கருந்துளை இருந்தா, ஒரு கெல்வினைப் பத்துக் கோடியா பங்கு போட்டு அதுல 6 பங்குதான் அதோட வெப்பநிலை. சுத்தியிருக்கிற விண்வெளியே 2.7 கெல்வின். அப்புறம் அது எங்க கொடுக்கிறது? வாங்கத்தான் செய்யும்.

மறுநாள் வகுப்புல, "நேத்து சொன்னதை அடிச்சிடுங்க"ன்னு ஆரம்பிச்சேன். நேர்கோட்டுல ஒரே வேகத்துல ஓடினா, அந்த ஓட்டத்துக்காகன்னு தனியா ஒண்ணும் விடாது. அது கூடவே அதே வேகத்துல நாமளும் ஓடினா, நம்ம கண்ணுக்கு அது நிக்கிற கருந்துளை. நிக்கிறப்ப விடாததை ஓடுறப்ப மட்டும் எப்படி விடும்?

பொண்ணு விடல. "வளைஞ்சு ஓடினா சார்?"

இப்படி யாராவது மாட்டியிருந்தா எழுதுங்க.

தொப்பூர் வழி தினப்பயணி:
சார், நான் தர்மபுரி–சேலம் பஸ்ல தினமும் போறவன். நேர் ரோட்டுல டிபன் பாக்ஸை மடியில வெச்சு நிம்மதியா சாப்பிடலாம். தொப்பூர் கணவாய் இறக்கத்துல வளைவு வந்தா ரசம் சட்டை மேல. என் மச்சானுக்கு இதை வெச்சுத்தான் விளக்கினேன்: ஓட்டம் பிரச்சினையில்ல, திரும்புறதுதான் பிரச்சினை.

2016 பிப்ரவரி 11 அன்னிக்கு அறிவிச்ச செய்தியை பஸ்லதான் போன்ல பார்த்தேன். முந்தின செப்டம்பர் 14ல அமெரிக்காவுல இருக்கிற லைகோ கருவிகள்ல சிக்கின ஈர்ப்பலை, அதாவது பெரிய எடைகள் சுத்துறப்ப விண்வெளியே நெளிஞ்சு பரவுற அலை. 36 சூரிய எடையும் 29 சூரிய எடையும் உள்ள ரெண்டு கருந்துளை ஒண்ணையொண்ணு சுத்திச் சுத்தி ஒண்ணாயிடுச்சாம், மிச்சம் 62. 65 வரணுமேன்னு மச்சான் கணக்குக் கேட்டான். அவன் மண்டிக்குத் தக்காளி போடறவன், எடைக் கழிவுன்னா உடனே சந்தேகம் வந்துடும். அந்த 3 சூரியனும் களவு போகல மச்சான், ஈர்ப்பலையா போயிடுச்சு, 130 கோடி ஒளியாண்டு தாண்டி நமக்கு வந்து சேர்ந்துச்சுன்னேன். முழுசா நம்பல.

ஊத்தங்கரை மிஸ்:
அண்ணா, ரசம் நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுல ஒரு ஓட்டை. சுத்தி வர்ற கருந்துளை மேல ஒருத்தர் உக்கார முடிஞ்சா, அவர் பாக்ஸ்ல ரசம் தளும்பாது. விண்வெளி நிலையத்துல மிதக்கிறாங்களே, அதே மாதிரி தடையில்லா வீழ்ச்சி. உள்ள இருக்கிறவருக்கு என்ன தெரியுதுங்கிறது இங்க கணக்கில்ல. தூரத்துல இருந்து பார்க்கிறப்ப எடை பரவியிருக்கிற வடிவம் மாறிட்டே இருக்கணும், அப்பத்தான் அலை கிளம்பும். துளி பிசகாத உருண்டை நின்ன இடத்துல சுத்தினா ஒண்ணும் வராது. நம்ம பூமி சூரியனைச் சுத்துறதுலயே ஈர்ப்பலை போகுது, எவ்வளவு தெரியுமா? 200 வாட் அளவுக்கு. பழைய குண்டு பல்பு ரெண்டு!

என் அனுபவம் காவலூர் வானாய்வகத்துல. அம்மாவைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். தொலைநோக்கி பார்த்துட்டு, "கருந்துளை கருப்பாச்சே, அப்ப அதுல இருந்து எக்ஸ்ரே வருதுன்னு எப்படிச் சொல்றாங்க?"ன்னு கேட்டாங்க. இறங்கி வர்ற வழியெல்லாம் அதுதான் பேச்சு. சிக்னஸ் எக்ஸ்-1ங்கிற கருந்துளை இருக்கிற இடத்துல இருந்து எக்ஸ்ரே வர்றதை 1964ல ராக்கெட் வெச்சுக் கண்டுபிடிச்சாங்க. ஒரு நீல நட்சத்திரமும் அதுவும் 5.6 நாளுக்கு ஒருதரம் ஒண்ணையொண்ணு சுத்துது. நட்சத்திரத்துல இருந்து இழுபடுற வாயு சுழன்று, உரசி, கொதிச்சு எக்ஸ்ரே விடுது. விடுறது விளிம்புக்கு வெளிய இருக்கிற வாயு, கருந்துளை இல்ல. அம்மா சொன்னாங்க, "அப்ப அடுப்பு இல்ல, பாத்திரத்துக்கு வெளிய பொங்கினதுதான் சுடுது." நான் அப்படியே விட்டுட்டேன்.

ஓசூர்க்காரன்:
ஸ்கூல் டூர்ல பெங்களூர் நேரு கோளரங்கம் போனப்ப இருட்டுல நல்லாத் தூங்கினேன். பல வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது: அதோட முதல் இயக்குநர் விஸ்வேஸ்வராதான், கருந்துளையைத் தட்டினா அது மணி மாதிரி அதிர்ந்து அடங்கும்னு 1970லயே கணக்குப் போட்டுக் காட்டினவர். 2015ல வந்த அலையோட கடைசி வாலும் அப்படித்தான் அடங்குச்சு. தூங்கினதை இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு.

பாலக்கோடு டியூஷன் வாத்தியார்:
எல்லாருக்கும் நன்றி. இன்னிக்கு எல்லாத்தையும் சொன்னேன். துணையில்லாம ஓடுற கருந்துளைக்கு உதாரணம் கேட்டாங்க. 2022ல அறிவிச்சதைச் சொன்னேன்: சுமார் 5,000 ஒளியாண்டு தூரத்துல, ஒத்தையா, ஒளியே விடாம ஓடிட்டிருக்கு. பின்னாடி இருக்கிற நட்சத்திரத்தோட ஒளியை அது வளைச்சதை வெச்சுத்தான் பிடிச்சாங்க.

அதே பொண்ணு திரும்ப எழுந்துச்சு. "சார், ரெண்டு மோதி ஒண்ணானா, அது எந்தப் பக்கம் ஓடும்?" திங்கக்கிழமை சொல்றேன்னு தப்பிச்சு வந்துட்டேன்.

ஊத்தங்கரை மிஸ்:
அலை ஒரு பக்கம் கூடுதலா போனா, கருந்துளை எதிர்ப்பக்கம் உதை வாங்கும் சார், துப்பாக்கி சுட்டா தோளை இடிக்கிற மாதிரி. ரெண்டும் எப்படிச் சுழன்றுட்டிருந்துச்சுங்கிறதைப் பொறுத்து, உதை நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வரைக்கும் போகலாம்னு கணிப்பொறிக் கணக்குல வருது. "எந்தப் பக்கம்"னு கேட்டுச்சே, அதுக்கும் அந்தச் சுழற்சி ஒரு காரணம். திங்கக்கிழமை அந்தப் பொண்ணு அடுத்து என்ன கேட்டுச்சுன்னு மறக்காம எழுதுங்க.