லேப்டாப் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது, கோயில் கணக்கை எடுக்க வழி உண்டா?

பெகுக்காரன்:
வணக்கம். பேட்டரி போன பழைய லேப்டாப். கரண்டு போவதும் வருவதுமாக இருந்த ஒரு நாளுக்குப் பிறகு விண்டோஸ் ஏறவே இல்லை. உள்ளே இருப்பது 2.5 இஞ்ச், 500 ஜிபி சுழலும் டிஸ்க், எஸ்எஸ்டி அல்ல. பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் கணினியின் அடிப்படை அமைப்பு) டிஸ்க்கின் பெயர் காட்டுகிறது, சுற்றும் சத்தம் சீராக இருக்கிறது, எப்போதாவது ஒரு ‘டக்’. கோயில் வரவு செலவு எக்ஸெல், நன்கொடைப் பட்டியல், தமிழ் வகுப்புப் பாடங்கள் எல்லாம் அதில்தான். வேறு நகல் இல்லை. கடையில் செக்டிஸ்க் ஓட்டச் சொல்கிறார்கள். இன்னொருவர் ஃப்ரீசரில் வைத்து எடுக்கச் சொல்கிறார். யாங்கோன் ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கு முன் இங்கேயே செய்யக்கூடியது என்ன?

திருப்புளி:
இரண்டையும் செய்யாதீங்க தம்பி. செக்டிஸ்க் கோப்பு அமைப்பைச் சரிசெய்கிற கருவி, கோப்பைக் காப்பாற்றுகிற கருவி அல்ல. படிக்க முடியாத பதிவைக் கண்டால் பட்டியலிலிருந்தே நீக்கிவிடும். பழுதான டிஸ்க்கிலேயே எழுதவும் செய்யும். ஃப்ரீசர் அதைவிட மோசம். தகவல் பதியும் தட்டுக்கும் அதைப் படிக்கிற ஹெட்டுக்கும் நடுவே சில நானோமீட்டர் இடைவெளிதான். நம்ம ஊர் மழைக்கால ஈரத்தில், குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்த உடனே உள்ளேயும் வெளியேயும் வேர்த்துவிடும். அந்த ஈரத்தோடு சுற்றவிட்டால் ஹெட் தட்டைக் கீறும்.

முதலில் சத்தத்தைக் கவனிங்க. ‘டக் டக் டக்’ என்று ஒரே தாளத்தில் அடித்து நின்றால் ஹெட் போய்விட்டது. சுற்றாமல் மெல்லிய ‘பீப்’ மாதிரி முனகினால் ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது மோட்டார் இறுகியிருக்கலாம். இந்த இரண்டில் எது என்றாலும் மறுபடி கரண்டு கொடுக்கவே கூடாது. தட்டுவதும் குலுக்குவதும் வேண்டாம். நேராகத் தூசியில்லா அறை உள்ள ஆய்வகம்தான்.

நீங்க சொல்வது அப்படித் தெரியவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் அந்த செக்டர் (தட்டில் தகவல் பதியும் சிறு துண்டு) அரைகுறையாக நிற்கும், பிறகு படித்தால் அதோடு பதிந்த பிழைத்திருத்தக் குறியீடு ஒத்துவராது, அதனால் படிக்க முடியாமல் போகும். டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி 3 சாட்டா கேபிளில் மாட்டி, லினக்ஸ் லைவ் பென்டிரைவில் (நிறுவாமலேயே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) ஏற்றிய வேறு கணினியில் ஸ்மார்ட் அறிக்கையை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியலை, பாருங்க. 5 (மாற்று இடத்துக்கு மாற்றிய செக்டர்), 197 (படிக்கக் காத்திருக்கும் செக்டர்), 198 (படிக்க முடியாத செக்டர்) என்ற மூன்று எண்களுக்கு எதிரே உள்ள கடைசி மதிப்பு மட்டும் போதும். விண்டோஸில் மாட்டாதீங்க, அது கேட்காமலேயே எழுத ஆரம்பிக்கும்.

பெகுக்காரன்:
பார்த்தேன் அண்ணே. 5-க்கு 0, 197-க்கு 312, 198-க்கும் 312. ‘டக்’ இப்போது கேட்கவில்லை.

மழைக்காகம்:
நல்ல செய்திதான். மாற்று இடம் ஒன்றுகூடப் பயன்படவில்லை, படிக்கக் காத்திருக்கும் செக்டர் 312 மட்டும். டிஸ்க் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் கோப்புறையைத் திறந்து ஒவ்வொன்றாக நகல் எடுக்கப் போகாதீங்க. ஒரு கெட்ட இடத்தில் மாட்டினால் அதையே திரும்பத் திரும்பப் படித்து டிஸ்க்கை வதைக்கும். முழு டிஸ்க்கையும் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவியால் ஒரே இமேஜாக (முழு டிஸ்க்கின் அச்சு நகலான ஒரே கோப்பு) இறக்குங்க.

இமேஜ் இறங்க 1 டிபி டிஸ்க் வேண்டும். 500 ஜிபி இமேஜ் இன்னொரு 500 ஜிபி டிஸ்க்கில் கொள்ளாது. அதை என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ட்4 என்ற கோப்பு அமைப்பில் ஃபார்மேட் செய்யுங்க. ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. கட்டளையின் வரிசை: மூல டிஸ்க், இமேஜ் கோப்பு, மேப் கோப்பு. முதலிரண்டும் இடம் மாறினால் எல்லாம் போச்சு. அதனால் எந்த டிஸ்க் எது என்பதை அளவையும் மாடல் எண்ணையும் வைத்து உறுதிசெய்த பிறகுதான் என்டர் தட்டணும்.

முதல் சுற்றில் கட்டளையோடு ‘மைனஸ் என்’ (-n) போடுங்க. நல்ல பகுதியை மளமளவென்று எடுத்துக்கொண்டு, கெட்ட இடத்தைச் சுரண்டாமல் தாண்டிப் போகும். யுஎஸ்பி 3-இல் இரண்டு மணி நேரம் போல ஆகலாம், யுஎஸ்பி 2 என்றால் ஐந்துக்கு மேல். அது முடிந்ததும் ‘மைனஸ் என்’னை எடுத்துவிட்டு, ‘மைனஸ் டி’யும் (-d, டிஸ்க்கை நேரடியாகப் படிக்க) ‘மைனஸ் ஆர் 3’-உம் (-r3, கெட்ட இடத்தை மூன்று முறை மறுபடி முயல) சேர்த்து, அதே மேப் கோப்போடு இரண்டாவது சுற்று.

நம்ம மின்வெட்டுக்கு இந்த மேப் கோப்புதான் உயிர்நாடி. எது வந்தது, எது வரவில்லை என்பதை அது குறித்துவைத்திருக்கும். நடுவில் கரண்டு போனாலும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் மேப் கோப்பை லைவ் பென்டிரைவின் டெஸ்க்டாப்பில் வைத்தால் அது நினைவகத்தில்தான் இருக்கும், கணினி அணைந்ததும் காணாமல் போகும். இமேஜ் இருக்கும் டிஸ்க்கிலேயே வைங்க. மறுபடி ஏற்றும்போது லினக்ஸ் டிஸ்க்குக்கு வைக்கும் எழுத்து (sda, sdb மாதிரி) மாறியிருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்க. முடிந்தால் பேட்டரி நல்லா இருக்கும் லேப்டாப்பில் செய்யுங்க.

பெகுக்காரன்:
நன்றி. சர்க்யூட் போர்டை மாற்றினால் போதும் என்று கடையில் சொன்னார்கள். அது சரிவருமா?

திருப்புளி:
பயாஸில் பெயர் காட்டி, சீராகச் சுற்றும் டிஸ்க்குக்குப் போர்டு மாற்ற எந்தத் தேவையும் இல்லை. போர்டு எரிந்த டிஸ்க்கிலும் அதே மாடல் போர்டை அப்படியே மாட்டினால் பெரும்பாலும் ஓடாது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் பழைய போர்டின் ரோம் என்ற நினைவக சிப்பில் இருக்கும்; அதை, பல மாடல்களில் அது எட்டுக் கால் சிப், கழற்றிப் புதிய போர்டில் பற்றவைக்கணும். அந்தக் கடையில் டிஸ்க்கின் மூடியைத் திறக்க மட்டும் விடாதீங்க.

மழைக்காகம்:
இமேஜ் முடிந்ததும் அசல் டிஸ்க்கை எடுத்து வைத்துவிடுங்க, இனி வேலை எல்லாம் இமேஜில்தான். இமேஜ், படிக்க மட்டும் என்ற முறையில் மவுண்ட் ஆனால் (டிஸ்க் மாதிரித் திறந்தால்) அப்படியே நகல் எடுக்கலாம். ஆகாவிட்டால் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவி. கோப்பின் வடிவத்தை வைத்தே தேடி எடுக்கும் ஃபோட்டோரெக் கடைசி வழி. கோப்பு வரும், பெயரும் கோப்புறையும் வராது. பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் எதுவும் திறக்காது, இப்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடி வைங்க.

பாடங்களும் கணக்கும் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்ததா? அப்படியானால் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் சேர்த்து எடுங்க. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எக்ஸெல் திறக்கும், தொகையும் சரியாக இருக்கும். கொடுத்தவர் பெயர் மட்டும் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரியும்.