பேஸிங்: ஒரு சொல்லா, இரண்டா?

நண்பர்களே,

போர் விளையாட்டுச் சிற்றுருவங்களைச் சிறு தகட்டில் ஒட்டி, அந்தத் தகட்டை நிலம்போல் ஒப்பனை செய்வதை ஆங்கிலத்தில் 'பேஸிங்' (basing) என்கிறார்கள். அதைத் தமிழில் 'அடித்தளமிடல்' என்று சொல்லலாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. உருவத்துக்கு முதலில் பூசுவதை ஏற்கெனவே 'அடிப்பூச்சு' என்கிறோம். 'அடித்தளப் பூச்சு' என்று எழுதினால் எந்தப் பூச்சு என்று புதியவர் குழம்புவார். 'பீடம்' நல்ல சொல்தான், ஆனால் அது உயரமானது. காட்சிக்கு வைக்கும் ஒற்றை உருவத்தின் மரக்கட்டைக்கு அதை விட்டுவைப்போம்.

இரண்டு மூன்று மி.மீ. தடிமனுள்ள இந்தத் தகட்டுக்கு 'மணை' போதும். தாழ்வானது, தட்டையானது, மேலே ஒன்றைத் தாங்குவது. அரிவாள்மணையில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அப்புறம், 'பேஸிங்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, உருவங்களை உரிய அளவுள்ள மணையில் ஒட்டுவது. இது அழகுக்காக அல்ல, விதிக்காக. பண்டைக்காலப் போர்களை ஆடுவதற்கான 'டிபிஏ' (DBA) என்ற விதித்தொகுப்பில், 15 மி.மீ. அளவு உருவங்களுக்கு மணையின் அகலம் 40 மி.மீ. நெருங்கி நிற்கும் ஈட்டிப்படை என்றால் ஒரு மணையில் 4 பேர், சிதறி நின்று எறிபவர்கள் என்றால் 2 பேர். எண்ணிக்கையைப் பார்த்தே எதிராளி படையின் வகையை அறிவார். இதை 'மணையேற்றல்' எனலாம்.

இரண்டாவது, பசை தடவி மணல் தூவுவது, காய்ந்தபின் அடர்பழுப்பு பூசுவது, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெளிர்நிறத்தை மேடுகளில் மட்டும் தேய்ப்பது, கடைசியில் புல் ஒட்டுவது. இதற்கு 'நிலமிடல்' என்பேன். 'தரையிடல்' என்றும் யோசித்தேன். வீட்டுத் தரைதான் நினைவுக்கு வருகிறது. நிலம் என்றால் பொழுதும் கூடவே வரும், நம் இலக்கணத்தில் இரண்டும் சேர்ந்துதான் முதற்பொருள். நீள்மேலங்கி அணிந்த அதே பிரெஞ்சு வீரன், மணையில் பனி கிடந்தால் 1812இல் மாஸ்கோவிலிருந்து பின்வாங்குகிறான்; வறண்ட மண்ணும் காய்ந்த புல்லும் என்றால் ஸ்பெயினில் கோடையில் நடக்கிறான். உருவத்தில் ஒரு புள்ளி வண்ணம்கூட மாறவில்லை!

'நாற்பது பேரையும் மணையேற்றிவிட்டேன், இன்னும் நிலமிடவில்லை.' சொல்லிப் பாருங்கள், நாக்கில் தடங்கலே இல்லை. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ஒரு வாக்கியம் கூடுதலாக வேண்டும்.

மணையின் விளிம்பைச் சுற்றிப் பூசும் ஒற்றை நிறத்துக்கு, ஆடைக்குக் கரை இருப்பதுபோல், 'மணைக்கரை' என்று வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமானது தோன்றினால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.