காமிக்ஸ் வாங்க எங்கிருந்து தொடங்குவது?

நண்பர்களுக்கு வணக்கம். நாற்பது வயதில் காமிக்ஸ் வாங்கிப் படிக்கும் ஆசை வந்திருக்கிறது. ஆனால் அலமாரி முன் நின்றால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேட்மேன் 1939இல் அறிமுகமானவர். அத்தனை ஆண்டுக் கதையில் எந்த நுனியைப் பிடிப்பது? எண் 1 என்று போட்டதை எடுக்கலாம் என்றால், பேட்மேன் கதைகளை வெளியிடும் டி.சி. நிறுவனம் 2011இல் 52 தொடர்களை எண் 1இலிருந்து வெளியிட்டிருக்கிறது. ஒரே தலைப்பில் பல 'எண் 1' இருப்பது அப்போதுதான் புரிந்தது.

சென்ற வாரம் தனி இதழ் ஒன்று வாங்கினேன். கூரை விளிம்பில் ஒருவன் தொங்குகிறான், மழைக் கோடுகள் அவன் விரல்கள்மேல் சாய்ந்து விழுகின்றன, அதோடு 'தொடரும்'. அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாறு இதழ்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்புகளே புதியவருக்கு ஏற்றவை என்று நினைக்கிறேன். சரிதானா? முன்கதை தெரியாமலே படிக்கக்கூடிய, சித்திரங்களுக்காகவே மறுபடி புரட்டத் தோன்றும் தொகுப்பு ஒன்றிரண்டு சொல்லுங்கள். சாகச நாயகர்கள் இல்லாவிட்டாலும் சரி. பழைய பிரதி வாங்கும்போது துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின், கிழிந்த முதுகு தவிர வேறு எதைக் கவனிக்க வேண்டும்? தாள் மஞ்சளாகாமல் எப்படிப் பாதுகாக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.