புதுப்பிப்பு: கே-ராஸ் மருந்து பெருங்குடல் புற்றுநோய்க்கும் உதவுமா?

உயிரணு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் கே-ராஸ் மரபணுவின் ஜி12சி என்ற வகைப் பிறழ்வைக் (மாற்றத்தைக்) குறிவைக்கும் சோட்டோராசிப் மருந்து, நுரையீரல் புற்றுநோய்க்காக 2021-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அதே பிறழ்வுள்ள பெருங்குடல் புற்றுநோய்க்கும் அது போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

தனியாகப் பெரும்பாலும் போதாது. கே-ராஸை அடக்கியதும் அந்தப் புற்றணுக்கள் ஈஜிஎஃப்ஆர் ஏற்பி (வளரச் சொல்லும் சமிக்ஞையைப் பெறும், அணுவின் மேற்பரப்புப் புரதம்) வழியாக வளர்ச்சிச் சமிக்ஞையை மீண்டும் முடுக்கிவிடுகின்றன. முன்வாசலைப் பூட்டினால் கொல்லைக்கதவு திறந்துகொள்வதைப் போல. எனவே கே-ராஸ், ஈஜிஎஃப்ஆர் இரண்டையும் சேர்த்தே தடுக்கிறார்கள். அடாக்ராசிப் (கே-ராஸைத் தடுப்பது), செடுக்சிமாப் (ஈஜிஎஃப்ஆரைத் தடுப்பது) இணைக்கு 2024-இலும், சோட்டோராசிப், பானிடுமுமாப் (இதுவும் ஈஜிஎஃப்ஆரைத் தடுப்பது) இணைக்கு 2025 ஜனவரியிலும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஏற்கெனவே கீமோதெரபி பெற்றவர்களுக்கே இவை. எனக்கு இது பெரும் நம்பிக்கை தருகிறது.

பரிசோதனை அறிக்கையில் ‘கே-ராஸ் பிறழ்வு’ என்று மட்டும் இருந்தால், எந்த வகை என்று மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். ஜி12டி, ஜி12வி வகைகளுக்கு இம்மருந்துகள் பொருந்தா.