முகம் மஞ்சள், முகூர்த்தச் சேலை ஒரே சிவப்புத் திட்டு: அவசர உதவி

புது_ஷட்டர் (இரவு 9.12)
அண்ணன்களே, அவசரம். நாளைக்குக் காலைல ஆல்பம் பிரின்ட் லேப்புக்குப் போகணும். முகூர்த்த ஃபோட்டோ எல்லாத்துலயும் முகம் மஞ்சளா இருக்கு. பொண்ணோட பட்டுச்சேலை குங்குமத்தைக் கரைச்சு ஊத்தின மாதிரி ஒரே திட்டு, புட்டா ஒண்ணு கூடத் தெரியல. ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாவே தெரியுற மாதிரி நிறத்தைச் சரிபண்றது) சரியாத்தான் வெச்சேன். சாச்சுரேஷனை, அதான் நிற அடர்த்தியை, குறைச்சா முகம் செத்துப்போகுது. என்ன பண்றது?

ஆல்பம்_மேசை (9.20)
ராவா (கேமரா பதிஞ்ச முழு விவரமும் இருக்கிற ஃபைல்), ஜேபெக்கா? எந்த சாஃப்ட்வேர்? ஃபிளாஷ் அடிச்சீங்களா, வீடியோ லைட் மட்டுமா? இது தெரியாம என்ன சொல்றது?

மாடிப்படி (9.23)
கம்ப்யூட்டர்ல நைட் லைட் ஆன்ல இருக்கும். சாயங்காலம் தானா ஆன் ஆகிடும், திரை முழுக்க மஞ்சளாத் தெரியும். முதல்ல அதை அணைச்சுப் பாருங்க.

பந்தக்கால் (9.26)
மேடைக்கு மேல மஞ்சள் துணி கட்டியிருந்தாங்களா? ஃபிளாஷை மேல திருப்பி அடிச்சா துணியோட நிறம்தான் முகத்துல இறங்கும். ஆனா தாடைக்குக் கீழே, மூக்குக்கு அடியில அந்தச் சாயம் குறைவா இருக்கும். அப்படி இருந்தா இதுதான் காரணம்.

இருட்டறை (9.31)
தம்பி, "சரியாத்தான் வெச்சேன்"ங்கிறது தகவல் இல்ல. டெம்ப் (நீலம்-மஞ்சள்) எவ்வளவு, டின்ட் (பச்சை-மெஜந்தா) எவ்வளவுன்னு எண்ணைச் சொல்லுங்க. மேல மூலையில ஹிஸ்டோகிராம் (வெளிச்சத்தோட வரைபடம்) இருக்கு. அதைப் படிக்கத் தெரியாம கல்யாணம் எடுக்கப் போகக் கூடாது.

புது_ஷட்டர் (9.38)
ரா. லைட்ரூம். ஃபிளாஷ் சாஃப்ட்பாக்ஸ் போட்டு நேரா அடிச்சேன். நைட் லைட் இல்ல, ஃபோன்ல பார்த்தாலும் அதே மஞ்சள். டெம்ப் 6450, டின்ட் +9.

வண்ணக்கோல் (9.41)
ஃபிளாஷுக்கு 6450 எப்படி வந்துச்சு? டிராப்பரை, அதான் "இது நடுநிலை நிறம்"னு தொட்டுக் காட்டுற கருவியை, எதுல வெச்சு அழுத்தினீங்க?

புது_ஷட்டர் (9.43)
மாப்பிள்ளையோட அப்பா வேட்டில. வெள்ளைதானே.

வண்ணக்கோல் (9.55)
அங்கேதான் சிக்கல். அது கண்ணுக்குத்தான் வெள்ளை, உண்மையில லேசான நீலம். சலவையில சொட்டு நீலம் போட்டிருப்பாங்க. சோப்புத்தூள்ல இருக்கிற வெளுப்புப் பொருளும் ஃபிளாஷோட புறஊதா ஒளியை வாங்கி நீலமாத் திருப்பி விடும். டிராப்பர் அந்த நீலத்தைப் பார்த்து "இது சாம்பலா மாறணும்"னு படம் முழுக்க மஞ்சளைக் கூட்டிடுச்சு. மாப்பிள்ளையோட பட்டு வேட்டியில அழுத்தியிருந்தா தலைகீழா நடந்திருக்கும். அது வெண்ணெய் நிறம், அதனால படம் நீலத்துக்குப் போயிருக்கும். கல்யாண மேடையில இந்த ரெண்டு வேட்டியையும் டிராப்பருக்கு நம்பவே கூடாது.

இப்போ ஒயிட் பேலன்ஸ் பட்டியல்ல "ஃபிளாஷ்" எடுங்க. டெம்ப் 5500, டின்ட் 0-ன்னு வந்து நிற்கும். சாஃப்ட்பாக்ஸ் துணி பழசுன்னா கொஞ்சம் சூடா இருக்கும், அப்போ 5300 வரைக்கும் இறக்கலாம். அப்புறம் பொண்ணோட கழுத்து மேல சுட்டியை வெச்சு, ஹிஸ்டோகிராமுக்குக் கீழே வர்ற மூணு சதவீதத்தையும் இங்கே எழுதுங்க.

ஆல்பம்_மேசை (10.04)
சேலையும் அதனாலதான் கெட்டிருக்கு. டெம்ப்பைக் கூட்டும்போது சிவப்புச் சேனலும் (படத்துல சிவப்போட பங்கு) மேல ஏறும். பட்டுச் சிவப்பு ஏற்கெனவே விளிம்புல நிற்கிற நிறம். சேலை மேல சுட்டியை வெச்சா சிவப்பு 98, 99ன்னு நிற்கும், பச்சையும் நீலமும் 10 பக்கம் கிடக்கும். புட்டாவைக் காட்டுறது சிவப்புச் சேனல்ல இருக்கிற ஏற்ற இறக்கம். அது மேல போய் முட்டிடுச்சுன்னா எல்லாம் ஒரே திட்டுதான்.

முதல்ல ஒரு சோதனை. எக்ஸ்போஷரை -2-க்கு இழுங்க. புட்டா தெரிஞ்சா ராவுல விவரம் இருக்கு, காப்பாத்திடலாம். அப்பவும் தெரியலன்னா எடுக்கும்போதே போயிடுச்சு. தெரிஞ்சா எக்ஸ்போஷரைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துட்டு, புரொஃபைலை (லைட்ரூம் நிறத்தைக் காட்டுற அடிப்படை அமைப்பு) அடோபி கலர்ல இருந்து அடோபி நியூட்ரலுக்கு மாத்துங்க. பாதிப் பிரச்சினை அதுலயே தீரும். மிச்சத்துக்கு மாஸ்க்ல (படத்துல ஒரு பகுதியை மட்டும் பிரிச்சு மாத்துறது) கலர் ரேஞ்ச் எடுத்துச் சேலையைத் தொடுங்க. உதடு, குங்குமம், மருதாணியெல்லாம் சேர்ந்து வரும், அதுங்களை சப்ட்ராக்ட் போட்டுக் கழிச்சிடுங்க. மாஸ்க்குக்குள்ள சாச்சுரேஷன் -20, எக்ஸ்போஷர் -0.3, டெக்ஸ்சர் +15. ஹெச்எஸ்எல்ல (படம் முழுக்க ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியா மாத்துற இடம்) சிவப்பைத் தொடாதீங்க. முகம் செத்துப்போறது அப்படித்தான், உதட்டுல இருக்கிற ரத்தம் எல்லாம் போயிடும்.

இருட்டறை (10.09)
கிரே கார்டு (நடுநிலைச் சாம்பல் நிற அட்டை) ஒண்ணைப் பொண்ணு கையில கொடுத்து ஒரே ஒரு ஃபிரேம் எடுத்திருந்தா இந்த இழையே வேண்டியதில்ல.

கண்ணாடி_வீடு (10.15)
முகம் சரியானதும் ஹெச்எஸ்எல்ல ஆரஞ்சு லூமினன்ஸ் (பிரகாசம்) +30 போடுங்க ப்ரோ. பொண்ணு பளிச்னு இருக்கும். பார்ட்டி அதைத்தான் கேட்பாங்க.

வண்ணக்கோல் (10.22)
வேண்டாம். +30 போட்டா முகத்துல நிழல் போய் கன்னமும் தாடையும் ஒரே தட்டையாகும். ஜரிகையும் ஆரஞ்சு, மஞ்சள்லதான் இருக்கு, அது சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்துடும். பக்கத்துல நிற்கிற அம்மா, அத்தை முகமெல்லாம் சேர்ந்து வெளுக்கும். அதைவிட முக்கியம், அந்தப் பொண்ணு 30 வருஷம் கழிச்சு ஆல்பத்தைத் திறந்தா அவங்க முகம் அவங்க முகமாவே இருக்கணும். நிறத்தை மாத்துறது நம்ம வேலை இல்ல.

கண்ணாடி_வீடு (10.26)
காசு கொடுக்கிறவங்க கேட்டா நீங்க மாட்டேன்னு சொல்லிடுவீங்களா?

வண்ணக்கோல் (10.30)
வெளிச்சம் கேட்டா வெளிச்சம் கொடுப்பேன். முகத்துக்கு மட்டும் ஒரு ரேடியல் மாஸ்க், எக்ஸ்போஷர் +0.25. நிறம் அப்படியே நிற்கும், கண்ணு எடுப்பாத் தெரியும். பளிச்னு கேட்கிறவங்களுக்கு உண்மையில வேண்டியது இதுதான்.

இருட்டறை (10.34)
இவ்வளவு பேச்சு எதுக்கு? சிஎம்ஒய்கே (பிரின்ட் மையோட சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு) எண்ணைப் பாருங்க. மஞ்சள் மெஜந்தாவைவிடக் கொஞ்சம் கூட, சயான் மெஜந்தால மூணுல ஒரு பங்கு. தோல் நிறம் முடிஞ்சுது.

ஆல்பம்_மேசை (10.41)
சார், வெளுத்த தோலுக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். மாநிறம், கருப்புத் தோலுக்கெல்லாம் சயான் பாதிக்குப் பக்கத்துல வரும். அதை மூணுல ஒண்ணுக்கு இழுத்தா முகம் செங்கல் நிறமாகிடும். மேக்கப் போட்ட கன்னத்துல எண்ணை எடுத்தா ஃபவுண்டேஷனோட எண்தான் கிடைக்கும். கழுத்துல, தாலிக்குப் பக்கத்துல எடுங்க. நலங்கு மஞ்சள் பூசின கையில எடுக்கவே எடுக்காதீங்க.

இருட்டறை (10.44)
நான் சொன்னது அடிப்படை. அடிப்படை தெரிஞ்சாத்தான் விலக்கு பேசலாம்.

பந்தக்கால் (10.47)
கேட்டவர் எங்கே? கழுத்து எண் இன்னும் வரல.

புது_ஷட்டர் (11.36)
5500 வெச்சேன். கழுத்துல சிவப்பு 61, பச்சை 47, நீலம் 38. முகம் சரியாயிடுச்சு. -2 போட்டதும் புட்டா தெரிஞ்சுது, நியூட்ரல் போட்டு மாஸ்க் போட்டாச்சு, மயில் புட்டா இப்போ நல்லாவே தெரியுது. இதே மாற்றத்தை 212 படத்துக்கும் சிங்க் அடிச்சுட்டேன். நன்றி அண்ணா.

வண்ணக்கோல் (11.40)
கழுத்து எண் நல்லா இருக்கு. ஆனா 212-க்கும் ஒரே சிங்க்கா? தாலி கட்டும்போது பக்கத்துல இருந்து வீடியோ ஹாலோஜன் அடிச்சிருந்தா அந்தக் கன்னம் மட்டும் மஞ்சளாவே நிற்கும். அந்தப் படங்களைத் தனியாப் பிரிச்சு, கன்னத்துக்கு மட்டும் பிரஷ் எடுத்து டெம்ப் -20 கொடுங்க. கலர் ரேஞ்ச் மாஸ்க்கையும் படம் படமாப் பாருங்க, வேற யாராவது சிவப்புல நின்னா அதையும் பிடிச்சிருக்கும்.

ஆல்பம்_மேசை (11.43)
எக்ஸ்போர்ட்ல கலர் ஸ்பேஸ் (ஃபைல் நிறங்களைக் குறிக்கிற முறை) எஸ்ஆர்ஜிபிதானே? ப்ரோஃபோட்டோவோ அடோபி ஆர்ஜிபியோ இருந்து, லேப்ல ஃபைலோட கலர் புரொஃபைலைப் பார்க்காம பிரின்ட் போட்டா சிவப்பு முழுக்க மங்கி வரும். அனுப்புறதுக்கு முன்னாடி எஸ் கீயை அழுத்தி சாஃப்ட் புரூஃப்ல (பிரின்ட்ல எப்படி வரும்னு திரையிலயே காட்டுறது) சேலையை ஒரு தடவை பாருங்க. 12க்கு 36 ஷீட்டுன்னா 300 டிபிஐக்கு 10800க்கு 3600 பிக்சல் வேணும். மானிட்டர் பிரைட்னஸ் முழுசா வெச்சிருந்தா பிரின்ட் இருட்டா வரும். ஒரே ஒரு ஷீட் சோதனைக்குப் போட்டு வாங்கிட்டு மிச்சத்தைக் கொடுங்க.

மாடிப்படி (மறுநாள் காலை 7.50)
அனுப்பிட்டீங்களா? சோதனை ஷீட் எப்படி வந்துச்சு?