புதுப்பிப்பு: அக்காவின் கட்டியை எடுத்தாயிற்று

அக்காவுக்கு ஆசனவாய்க்குப் பின்னால் சீழ்க்கட்டி என்று இரண்டு தரம் கீறிவிட்டும் திரும்பத் திரும்ப வருகிறதே என்று மூன்று மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன். "எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாருங்கள்" என்று எழுதியவருக்கு முதல் நன்றி.

அது சீழ்க்கட்டியே இல்லை. கருவில் நம் எல்லோருக்கும் சின்ன வால் ஒன்று உண்டு. அதற்குள் நீளும் குடல் துண்டு எட்டாவது வாரமளவில் மறைந்துவிட வேண்டும். அக்காவுக்கு அதில் மிச்சம் நின்று, மலக்குடலுக்கும் வாலெலும்புக்கும் நடுவே நீர்க்கட்டியாகிவிட்டது. வால்குடல் நீர்க்கட்டி என்கிறார்கள். அரிதுதான், பெண்களுக்கே கூடுதலாக வருமாம். கிருமி தொற்றினால் பார்வைக்கு அசல் சீழ்க்கட்டி. கீறியவரை நான் குறை சொல்லமாட்டேன்.

ஊசியால் உறிஞ்சி எடுக்கலாமே என்று கேட்டேன். சர்ஜன் வேண்டாம் என்றார்: தொற்று ஏறலாம், உள்ளே புற்று இருந்தால் பரவலாம், சுவர் மிஞ்சினால் திரும்பவும் வரும். முழுதாக எடுப்பதுதான் வைத்தியம். கட்டி தாழ்வாக இருந்ததால் வயிற்றைத் திறக்காமல் பின்பக்கமாகவே எடுத்தார்கள். போத்தலில் காட்டினார்கள், பலாச்சுளை அளவு, வெட்டிய இடத்தில் பசைபோல ஒரு திரவம். பத்தோலஜி ரிப்போர்ட் வரும்வரை வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. புற்று இல்லை.

நேற்று உப்புவெளிக் கடற்கரையில் அக்கா மணலில் சப்பாணி கட்டி உட்கார்ந்து கச்சான் உடைத்தார். இரண்டு வருடமாக அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. அடுத்த எம்.ஆர்.ஐ. ஆறு மாதத்தில், அதையும் இங்கே எழுதுகிறேன்.